நாலாவது சாவி

பத்து மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்ன பூட்டுக்காரர் பத்தே முக்கால் ஆகியும் வரவில்லை. வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று சிவசைலம் நினைத்தார். நினைத்த கையோடு எழுந்து ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தார். தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது, அதில் வந்தது தண்ணீர்க் கேன் போடுகிறவர். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே சாப்பாட்டு மேசையில் ஒரு வளையத்தில் நாலு சாவிகள் கிடந்தன. பக்கத்தில் நகர் நலச் சங்கத்தார் வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போன மஞ்சள் தாள், மேலே கொட்டை எழுத்தில் வீட்டுப் பாதுகாப்புக்குச் சில வழிகள் என்று போட்டது. அதை இந்த மூன்று நாளில் இருபது தடவையாவது படித்திருப்பார். முதல் வரியே கேள்வி. உங்கள் வீட்டு முன்கதவுப் பூட்டுக்கு எத்தனை சாவிகள், அத்தனையும் இப்போது உங்கள் கையில் உள்ளனவா? ஒன்று குறைந்தாலும் அன்றே பூட்டை மாற்றுங்கள். எழுதினவருக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று ஒரு சொல், முடிந்தது. நாலு சாவி, எண்ண வேண்டியதில்லை, ஆனாலும் எண்ணினார். ஒன்று அவருடையது, தேய்ந்து வெளுத்தது. இரண்டாவது செண்பகத்துடையது, துளையில் சிவப்பு நூல் கட்டியது. மூன்றாவது பீரோவுக்குள்ளேயே கிடந்து இன்னும் கடைப் பளபளப்புப் போகாதது. நாலாவதை அவர் பார்க்கவில்லை, விரலால் மட்டும் தொட்டார். மற்ற மூன்றையும்விட அது மெலிந்தது. அது இந்தக் கதவுக்கான சாவியே இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். மற்றவள் இந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது.

இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளும் நுழைந்து, எண்ணைப் பார்த்துக் குறித்துவிட்டு வெளியே வருவது. எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் வந்து கவ்வும் என்று தெரியும். எந்த வீட்டில் சாவியை மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுப் போகிறார்கள், எந்த வீட்டில் செம்பருத்தித் தொட்டிக்கு அடியில், எந்த வீட்டில் பழைய ஷூவுக்குள், எல்லாம் தெரியும். ஒரு திருடனுக்கு வேண்டிய அத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொண்டு ஒழுங்காக ஓய்வு பெறப்போகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று ஒரு தடவை சங்கக் கூட்டத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறார். அதே அறிவை வைத்துத்தான் இந்த வீட்டையும் கட்டினார். ஜன்னல் கம்பிகளைத் திருகாணி போடாமல் பற்றவைத்தார், வெளியிலிருந்து கழற்ற முடியாது. பின்கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை. மாடிப்படிக்குக் கம்பிக் கதவு. ஏணியைக்கூட வெளியே போடாமல் குளியலறைப் பக்கம் சங்கிலியில் பூட்டி வைத்திருப்பார், நம் ஏணியிலேயே ஏறி நம் வீட்டுக்குள் இறங்குவான் என்பார். போன மாதம் ராமேஸ்வரம் போகும்போது பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் வேலைக்கு வருகிற அம்மாவிடம் தினமும் வாசலில் ஒரு கோலம் மட்டும் போட்டுவிடச் சொன்னார், ஏனென்றால் கோலம் இல்லாத வாசல் ஆளில்லாத வீடு என்று ஊருக்கே சொல்லிவிடும். இத்தனையும் செய்தவன் வீட்டுக்குள் பட்டப்பகலில் ஒரு பெண் நடந்து வந்து, கதவைத் திறந்து, நாற்பது நிமிஷம் இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். எதையும் உடைக்கவில்லை. எதையும் எடுக்கவுமில்லை. எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஒரு வளையல் போயிருந்தால், ஒரு வெள்ளிக் கும்பா போயிருந்தால், திருட்டு என்று சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றிவிடலாம்.

"அந்தாளுக்கு ஒரு போனப் போடுங்களேன்" என்றாள் செண்பகம் அடுக்களையிலிருந்து.

"வருவாரு."

"வருவாரு வருவாருன்னு மூணு நாளாச் சொல்லுதிய. நான் ராத்திரி பூராவும் கதவுப் பக்கமே காத வச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

"நீ விட்ட குறட்டை எதிர்வீட்டுக் கேமராவுல பதிவாயிருக்கும்."

"உங்களுக்குச் சிரிப்பு வேற வருதோ?"

வரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. எதிர்வீட்டுக் கேமரா என்று ஏன் சொன்னோம், அதை விட்டு விலகிப் போகத்தானே இவ்வளவு நேரமும் ஏணியையும் கோலத்தையும் நினைத்துக்கொண்டிருந்தது. நாலாவது தெருவில் ஒரு வீட்டில் களவு போனபிறகு, அவரவர் வீட்டுக் கேமராவில் பதிவானதை எல்லாம் ஒரு தரம் பாருங்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். எதிர்வீட்டு அன்னபாக்கியம் டீச்சர், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் விடைத்தாள் திருத்துகிற கண்ணோடு, பதினைந்து நாள் பதிவையும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். சார், இதக் கொஞ்சம் பாருங்க, உங்க வீட்டு ஆளா என்று வாசலில் நின்றபடியே போனை நீட்டினார். பதினைந்தாம் தேதி, காலை பதினொன்று இருபது. வெள்ளை ஸ்கூட்டர். வெயிலுக்குத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டி, கண் மட்டும் தெரிகிற ஒரு பெண். இந்த ஊரில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள், அவள் யாராகவும் இருக்கலாம். கேட்டைத் திறந்தாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வந்தாள். பையிலிருந்து சாவியை எடுத்தாள். அதுவரைக்கும்கூட அவர் யாரோ என்றே நினைத்துக்கொள்ளப் பார்த்தார். சாவியைத் திருப்பினாள், கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கினாள், இடது காலால் கதவின் கீழ்மூலையில் ஓர் எத்து எத்தினாள். கதவு திறந்தது. மழைக்காலம் வந்தால் அந்தக் கதவு ஊறி அடியில் பிடித்துக்கொள்ளும், தூக்கிக்கொண்டே எத்தினால்தான் வழிக்கு வரும், அதுவும் இடது காலால் அந்த மூலையில், வேறெங்கே எத்தினாலும் கால்தான் வலிக்கும். அதைக் கண்டுபிடித்தவள் பூங்கோதை. எட்டு வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்து, பசியில், கோபத்தில் உதைத்தபோது திறந்துகொண்டது. அப்புறம் அவரும் செண்பகமும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

தெரியலியே டீச்சர், என்று சொன்னார். அந்த இரண்டு சொல்லுக்கும் எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், ஒரு நொடி. யோசிக்காமல் சொன்னது. யோசிக்காமல் சொன்னதா? தன் மகள் என்று சொல்லியிருந்தால் டீச்சர் அடுத்த கேள்வி கேட்டிருப்பார், அது ஏன் சார் நீங்க இல்லாத நேரமாப் பாத்து வாரா என்று. கெட்ட எண்ணத்தில் கேட்கமாட்டார், சும்மாதான் கேட்பார். மஞ்சள் தாளில் ஐந்தாவதோ ஆறாவதோ வரி, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறவர்கள் என்று ஆரம்பிக்கும். அந்த வரியில் தன் மகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தது யார். தெரியலியே என்று சொன்னதில் அவளைக் காப்பாற்றினோம் என்று அன்றைக்குச் சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீச்சர் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். நல்ல மனுஷன், மோர் வாங்கிக் குடித்துவிட்டு, சார், உடைக்காம வந்திருக்கான்னா சாவி இருக்குன்னு அர்த்தம், உங்க சாவியெல்லாம் கையில இருக்கா என்று கேட்டார். அவர் வளையத்தைத் தூக்கிக் காட்டினார். நாலும் இருக்கு. அப்பம் எவளோ அச்செடுத்திருக்கா, கள்ளச்சாவி, இன்னைக்கே பூட்ட மாத்திருங்க, எதுவும் எடுக்காமப் போயிருக்கான்னா நோட்டம் பாத்துட்டுப் போயிருக்கா, திரும்பி வருவா. திரும்பி வருவா என்று போலீஸ்காரர் ஒருத்தர் எச்சரிக்கை செய்கிறார், இங்கே ஒருவனுக்கு நெஞ்சுக்குள் என்னவோ குதிக்கிறது. அதை என்னவென்று சொல்வது. செண்பகத்தின் முகம்தான் வெளிறிப்போயிற்று. டீச்சர் அவளிடமும் அந்தப் பதிவைக் காட்டினாராம், கண்ணாடி போடாமப் பாத்தேன், ஒண்ணும் தெரியல என்றாள். அன்றிலிருந்து பூட்டு, பூட்டு என்று ஒரே நச்சரிப்பு. அவள் பயப்படுவதும் அவருடைய பொய்யினால்தான். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்கு ஒரு பூட்டையும் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது.

சாவியை வச்சிட்டுப் போ. அதுதான் அவர் பூங்கோதையிடம் கடைசியாகச் சொன்னது. அதற்கு முன்னால் என்னென்னவோ சொன்னார், சொன்னதெல்லாம் இப்போது நினைவில் இல்லை என்று சொல்லிக்கொள்வார், நினைவில் இருக்கிறது. பதிவுத் திருமணம் முடித்த மறுநாள் மத்தியானம், தனியாகத்தான் வந்தாள், அவனைக் கூட்டிக்கொண்டு வரவில்லை, அப்பாவுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அவளுடைய அலுவலகத்தில் வேலை பார்க்கிற பையன். ஊர்ப் பெயரைக் கேட்டார், தெருப் பெயரைக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அந்தத் தெரு அவருக்குத் தெரிந்துவிட்டது. பழைய நாளில் அந்தத் தெருவில் மீட்டர் எடுத்திருக்கிறார். கோடை வெயிலில் அங்கே ஒரு வீட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். நாங்கள் எல்லா வீட்டுக்கும் போகிறவர்கள், எங்களுக்கு எல்லாரும் ஒன்றுதான் என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். எல்லா வீட்டுக்கும் போகலாம் போலிருக்கிறது, எல்லா வீட்டிலிருந்தும் இங்கே வரக்கூடாது, அவ்வளவுதானா நான் என்று இப்போது கேட்டுக்கொள்ள முடிகிறது. அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை, அன்றைக்குச் சாவியை வச்சிட்டுப் போ என்றார். அவள் அழவில்லை. பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்து இதே மேசையில் வைத்தாள். சரிப்பா என்றாள். அன்று சாயங்காலம் அதை எடுத்து வளையத்தில் கோக்கும்போதுதான் கவனித்தார், அது அவள் காலேஜ் விடுதிக்குக் கொண்டுபோன தகரப் பெட்டியின் சாவி. தவறி வைத்தாளா, தெரிந்தே வைத்தாளா. ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம், போனில் கேட்டிருக்கலாம், செண்பகத்திடமாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் கோத்து ஆணியில் மாட்டினார். நாலு சாவியும் இருக்கிறது. மூன்று வருஷமாக அந்த ஆணியைக் கடக்கும்போதெல்லாம் நாலு சாவியும் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். கோபத்தில் இருக்கிற ஒரு மனிதன் அப்படிச் செய்வானா, அல்லது கோபத்தை விடத் தெரியாத ஒரு மனிதன் செய்துவைத்த வேலையா அது?

ஒரு போன் போட்டால் தீர்ந்தது. நம்பர் இருக்கிறது, அழிக்கவில்லை. பெயரைத் தொடுகிற தூரத்துக்குக் கட்டைவிரல் போகும், நின்றுவிடும். எடுத்தால் என்ன சொல்வது? நல்லா இருக்கியா என்று ஆரம்பித்தால், மூன்று வருஷமாக இல்லாமல் இன்றைக்கு என்ன என்று அவள் கேட்கமாட்டாள், கேட்காமலிருப்பாள், அந்தக் கேட்காமலிருப்பதை யார் தாங்குவது. அவள் உள்ளூரிலேயே இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. டீச்சரின் போனில் ஸ்கூட்டர் நம்பரை வாசிக்கப் பார்த்தார், எல்லாம் மங்கல். மீட்டர் எடுக்கப் போகிற இடங்களில் சில நாள் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற பெயர்ப் பலகையைக் காரணமில்லாமல் வாசிப்பார். காரணமில்லாமல். ஆனால் ஸ்டேட்டஸ் போடுவார். அதுவும் மஞ்சள் தாளில் உண்டு, வெளியூர்ப் பயணத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், திருடர்களுக்கு நீங்களே தகவல் கொடுக்கிறீர்கள். ராமேஸ்வரத்தில் செண்பகம் கடலில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு நின்ற படத்தைப் போட்டார். அன்று சாயங்காலம் லாட்ஜ் அறையில் கட்டிலில் படுத்தபடி பார்த்தவர்கள் பட்டியலைப் பார்த்தார். பன்னிரண்டு பேர். ஒன்பதாவது பெயர் பூங்கோதை. எவ்வளவு நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது, போன் தானாக அணைந்துவிட்டது. மறுநாள் இன்னொரு படம் போட்டு, அதற்குக் கீழே பதினாறாம் தேதி வீடு திரும்புகிறோம் என்று எழுதினார். ஏன் எழுதினார்? யாருக்குத் தெரிய வேண்டியிருந்தது, பால்காரருக்கா? ஏணியைச் சங்கிலியில் பூட்டுகிற மனிதன் தேதி போட்டு எழுதுகிறான் என்றால் அவனுடைய ஒரு கை பூட்டுகிறது, இன்னொரு கை திறக்கிறது. பதினாறாம் தேதி வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டதும் சுவரில் நாட்காட்டி பதினைந்து என்று காட்டியது. புறப்பட்ட அன்று அது பதினொன்றில் நின்றது. தினத்தாள் கிழிக்கிறது எப்போதும் பூங்கோதையின் வேலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே நாட்காட்டியிடம் போவாள். அன்று செண்பகம் பைகளை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரமாகப் பதினைந்தைக் கிழித்துப் பதினாறாக்கினார். கைரேகையை அழிக்கிறவனைப் போல.

பதினொன்றரை. உட்கார முடியவில்லை. மஞ்சள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜன்னல்களை எல்லாம் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார், தாளில் இருக்கிறது, கொக்கிகள் இறுக்கமாக உள்ளனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கூடத்து ஜன்னல் சரி. அடுக்களை ஜன்னல் சரி, செண்பகம் ஏன் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். கடைசி அறை. அது பூங்கோதையின் அறை என்று இப்போது யாரும் சொல்வதில்லை, கடைசி அறை என்கிறார்கள். இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகள், அரிசி மூட்டை, ஒரு பழைய மின்விசிறி. தெற்கு ஜன்னலின் இடதுபக்கக் கதவு எப்போதும் தளர்ந்தது, காற்றடித்தால் டக் டக் டக் என்று சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். படிக்க விடமாட்டேங்குதுப்பா என்பாள், ஞாயிற்றுக்கிழமை சரி பண்ணுதேன் என்பார், எத்தனை ஞாயிற்றுக்கிழமை. வெளியே ஐப்பசிக் காற்று வேப்ப மரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. டக் டக் கேட்கவில்லை. அப்போதுதான் உறைத்தது, இரண்டு வாரமாகவே கேட்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில், கொக்கிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு காகித மடிப்பு இறுக்கிச் சொருகியிருந்தது. நகத்தால் இழுத்து எடுத்தார். விரித்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. நாலு தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நாலாக மடித்தது. நாற்பது நிமிஷம் இங்கேதான் இருந்திருக்கிறாள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பாளோ. உட்கார்ந்திருக்கும்போது காற்றடித்திருக்கும், டக் டக் என்றிருக்கும், கையில் இருந்ததைப் பழைய வழக்கத்தில் மடித்துச் சொருகியிருப்பாள். ஒரு வீட்டுக்குள் கள்ளத்தனமாக வந்தவள் அந்த வீட்டு ஜன்னலைச் சரி பண்ணிவிட்டுப் போயிருக்கிறாள். காகிதத்தை எடுத்துவிட்டதால் காற்று ஒரு தரம் வீசியதும் கதவு தட்டியது, டக். அவர் பதறிப்போய் அதை மறுபடி மடித்தார், மடிப்பு பழைய கோட்டிலேயே விழ வேண்டும் என்று மடித்தார், அதே இடத்தில் சொருகினார், முதல் தடவை சரியாக நிற்கவில்லை, இரண்டாவது தடவை நின்றது. வாசலில் மணி அடித்தது.

பூட்டுக்காரர் பீர்முகம்மதுக்கு அறுபது வயதிருக்கும். தோளில் ஒரு ரெக்சின் பை. "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஹைகிரவுண்டுப் பக்கம் ஒரு அம்மா சாவிய உள்ள வச்சிட்டுக் கதவ இழுத்துச் சாத்திட்டா. அடுப்புல பால் வேற. அதத் தெறந்து விட்டுட்டு வாரேன்" என்றபடி கதவை ஒரு தரம் சாத்தப் பார்த்தார். அது பாதியில் பிடித்துக்கொண்டது. "என்னது, கதவு மழைக்கு ஊறிக்கிட்டு இப்படி நிக்கி? அடியில ரெண்டு இழைப்பு இழைச்சு விட்டா வெண்ணெ மாரிப் போவும்."

"மொதல்ல பூட்டப் பாருங்க பாய்."

பீர்முகம்மது குத்தவைத்து உட்கார்ந்து பூட்டைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். "நல்ல பூட்டு. இப்பம் வாரதெல்லாம் வெறும் தகடு. இதப்போய்க் கழத்தச் சொல்லுதியளே. சாவியெல்லாம் கொண்டாங்க."

சிவசைலம் வளையத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு விரல் நாலாவதை மறைத்தது, பூட்டுக்காரரிடம் சாவியை மறைத்து என்ன பிரயோஜனம். முதல் சாவி திரும்பியது. இரண்டாவது திரும்பியது. மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்துத் திரும்பியது. நாலாவது நுழையவே இல்லை. பீர்முகம்மது அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "அண்ணாச்சி, இது இந்தப் பூட்டுக்குள்ளது இல்லியே. ஏதோ பெட்டிச் சாவியில்லா இது?"

சிவசைலம் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவரில் டீச்சரின் கேமரா சின்னச் சிவப்புப் புள்ளியோடு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்டல் பெட்டிச் சாவி" என்றாள் செண்பகம்.

அவள் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குரலில் ஒன்றும் இல்லை, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரல். இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவளைத் திரும்பிப் பார்க்கத் துணியாமல் பூட்டையே பார்த்தார். அப்படியானால் கண்ணாடி போடாமல் பார்த்தேன் என்றது? பூட்டு, பூட்டு என்ற நச்சரிப்பு? இந்த ஆள் வந்து இந்தச் சாவியை இப்படித் தூக்கிப் பிடித்துக் கேட்க வேண்டும் என்றுதான் மூன்று நாளாகக் காத்திருந்தாளோ.

"அப்பம் நாலாவது யாருகிட்ட இருக்கு?" என்றார் பீர்முகம்மது. "வேலக்காரம்மா, வாடகைக்கு இருந்தவன், யாரும் கொண்டு போயிருக்கானா? அதச் சொன்னாத்தான் நான் முழுப் பூட்டயும் மாத்தணுமா, உள்ள உள்ளத மட்டும் மாத்தினாப் போதுமான்னு சொல்ல முடியும்."

காற்று வீசியது. கடைசி அறை ஜன்னல் தட்டவில்லை.

"எம் மவகிட்ட இருக்கு" என்றார் சிவசைலம்.

எம் மவ. அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனை நாளாயிற்று. பீர்முகம்மது அவரைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார், சாவியை வளையத்தோடு தரையில் வைத்தார்.

"ஏன் அண்ணாச்சி, மவகிட்ட இருக்கது தொலைஞ்சுபோன சாவியா? இதுக்கா என்னைய மேலப்பாளையத்துலேருந்து வரச் சொன்னிய?"

அவரே தொடர்ந்தார். "வந்ததுக்கு ஒரு வேலையாச் செஞ்சுட்டுப் போறேன். பயமா இருந்தா உள்பக்கம் ஒரு சங்கிலி மாட்டுதேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கையில போட்டுக்கிடலாம். யாரு வந்தாலும் மணியடிச்சுத்தான் வரணும். நீங்க வெளிய போனா இந்தப் பூட்டு போதும்."

சிவசைலம் அதை மனசுக்குள் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். வீட்டில் ஆள் இருக்கும்போது சங்கிலி. ஆள் இல்லாதபோது பழைய பூட்டு, பழைய சாவி. மஞ்சள் தாள் எழுதினவர்கள் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். "மாட்டுங்க" என்றார்.

அரைமணியில் வேலை முடிந்தது. பையைக் கட்டும்போது பீர்முகம்மது கதவின் அடியை மறுபடி தட்டிப் பார்த்தார். "இதயும் இழைச்சு விட்டுரட்டா? அஞ்சு நிமிசம்."

"வேண்டாம்" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

அவர் போனபிறகு வீட்டில் எண்ணெய் வாசனையும் மரத்தூளும் மிச்சம் இருந்தன. செண்பகம் பெருக்கினாள், அவர் காலைத் தூக்கிக்கொண்டார். "ஏட்டையா கேட்டா என்ன சொல்லுவிய?" என்றாள். பூட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவேன் என்றார். அவள் வேறொன்றும் கேட்கவில்லை, எந்தக் கேள்வியை அவள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், கேட்காமல் போய்விட்டாள். போனை எடுத்தார். கட்டைவிரல் அந்தப் பெயர்வரை போயிற்று, வழக்கம்போல நின்றது. மூன்று வருஷத்துப் பிடிவாதம் ஒரு மத்தியானத்தில் இளகிவிடாது, அது இந்தக் கதவைப் போலத்தான், தூக்கிக்கொண்டே எத்த வேண்டும், தானே எத்திக்கொள்ள அவருக்கு வரவில்லை. முன்பு செய்த வழிதான் அவருக்குத் தெரியும். ஸ்டேட்டஸைத் திறந்தார். ராமேஸ்வரத்துக் கோபுரப் படம் ஒன்று மிச்சம் இருந்தது, பழனிக்கு அது பொருந்தாது, பரவாயில்லை என்று படமில்லாமலே எழுதினார். வருகிற இருபதாம் தேதி காலை முதல் இருபத்து நாலாம் தேதி இரவு வரை நானும் செண்பகமும் பழனி செல்கிறோம், வீட்டில் இருக்கமாட்டோம். கடைசி இரண்டு சொல்லை ஒருமுறை அழித்தார், அழித்தது பிடிக்காமல் மறுபடி போட்டார். அனுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சங்கச் செயலாளர் ஞானதுரை குரல் பதிவு அனுப்பிவிட்டார்.

"சார், என்ன சார் இது? தாள் அச்சடிச்சுக் குடுத்த மை இன்னும் காயல. படிச்ச நீங்களே தேதி போட்டு, நேரம் போட்டு, வெத்தலை பாக்கு வச்சுல்லா அழைக்கிய திருடன? மொதல்ல அத அழிங்க சார்."

அவர் அதை இரண்டு தரம் கேட்டார். அழிக்கவில்லை. கண் போலிருக்கிற குறிக்குப் பக்கத்தில் நாலு என்றிருந்தது. தொட்டுப் பார்த்தார், ஞானதுரை, டீச்சர், அலுவலகத்தில் ஒருத்தர், செண்பகத்தின் தங்கை. போனைக் கவிழ்த்து வைத்தார். நாலு சாவியையும் எடுத்து ஆணியில் மாட்டினார். வந்து போனைத் திருப்பினார். ஐந்து. பால்காரர்.

"இருபதாம் தேதியா போறோம்?" என்றாள் செண்பகம் அடுக்களையிலிருந்து. பழனி போவது பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் ஸ்டேட்டஸ் பார்ப்பாள் என்பது அவருக்கு ஏனோ தோன்றியதே இல்லை.

"ஆமா. போவமே."

"போறதுக்கு முந்தின நாள் கொஞ்சம் முந்திரிக்கொத்து சுட்டு வைக்கலாம்னு பாக்கேன்."

"வழிக்கா?"

"வழிக்கு எதுக்கு? பழனியில சாப்பாடு கெடைக்காதா?" பாத்திரம் ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. "சும்மா இங்கதான். டப்பா காலியாக் கெடக்கு. மேசமேலயே வச்சிட்டுப் போவலாம்."

போன் மேசைமேல் விளக்கெரிந்து அணைந்தது. ஏழு என்றிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு என்று மாறியது. தொட்டார், பட்டியல் மெல்ல மேலே வந்தது.

"யாரு?" என்றாள் செண்பகம். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"கொஞ்சம் கூடுதலாவே சுடு" என்றார் சிவசைலம்.